ஏழாவது வளைவு

செப்டம்பர் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. முப்பத்தோராண்டுகள் தையல் எந்திரங்களோடு மல்லுக்கட்டிய ஒரு பெண்மணியைப் பற்றிய கட்டுரை, அன்று மாலை நான்கு மணிக்கு, இணையக் கலைக்களஞ்சியத்திலிருந்து நீக்கப்படவிருந்தது. அவர் ஆக்கிய பொருளைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் மேலாளரின் பெயரோ, அதே கலைக்களஞ்சியத்தின் மற்றொரு பக்கத்தில், சட்டை மடிப்பு கலையாமல் வீற்றிருந்தது. குறை இவ்வளவுதான். இதைப் பொறுத்துக்கொள்ள வல்லவர்கள் புத்தகத்தை இங்கேயே மூடிவிடலாம். அவர்களுக்கு உலகில் நல்ல பதவிகள் காத்திருக்கின்றன.

குறையைச் சுமந்துகொண்டு காலை ஒன்பது மணி பத்து நிமிடத்திற்கு மாடிப்படி ஏறி வந்தவர், அப்பெண்மணியின் கணவர். கீழே ஒளிநகல் கடை; மேலே இரண்டு அறைகள்; அவற்றுள் பெரியதில் துப்பறிவாளர் அம்மையாரும், சிறியதில் அவருடைய உதவியாளரும் இருந்தனர். அம்மையார் இருபத்திரண்டு ஆண்டுகள் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவர். ஆகையால் மனிதர்களிடம் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. உதவியாளருக்கு வயது நாற்பத்திரண்டு. அவரை எல்லாரும் ‘ரேடியோ’ என்றே அழைத்தனர். அணைக்கும் பொத்தான் மட்டும் அவரிடம் பொருத்தப்படவில்லை.

வந்தவர் மேசைமேல் ஒரு கோப்பினை வைத்தார். ரேடியோ அதன் முதல் பக்கத்தைப் பார்த்தார். உடனே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

“உக்காருங்க சார். தண்ணி குடிங்க. எப்ப ஆச்சு?”

“என்ன எப்ப ஆச்சு?”

“உங்க மனைவி...”

“உயிரோடதான்யா இருக்கா! வர்றப்ப கூட ‘குடை எடுத்துக்கிட்டீங்களா’ன்னு கேட்டா!”

“அப்புறம் ‘மங்காப் புகழெய்திய மாதரசி, அணையாத அருள்விளக்கு’ன்னு போட்டிருக்கே சார்? நான் எந்திரிச்சு நிக்கலாமான்னு பாத்தேன்.”

வந்தவருடைய தொழிலை அறிந்தால் இந்தக் குழப்பத்தை மன்னிக்கலாம். அவர் ஒரு நாளேட்டின் விளம்பரப் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் இரங்கல் விளம்பரங்களை எழுதிக் கொடுத்து ஓய்வுபெற்றவர். அவர் கைபட்ட எவரும் கெட்டவராகச் செத்ததில்லை. அந்தப் பேனாவைக் கொண்டுதான் நான்கு திங்களுக்கு முன் தம் மனைவியைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதியிருந்தார். தமக்கு அவர் இட்டுக்கொண்ட பயனர் பெயர் ‘உண்மைவிளம்பி’. தன்னடக்கம் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

“விஷயத்துக்கு வாங்க சார்,” என்றார் அம்மையார்.

விஷயம் இது. அவர் மனைவி ஒரு தையல் எந்திர நிறுவனத்தில் பொருத்துநராக வேலை பார்த்தவர். தொழிற்கூடத்தில் ‘ஃபிட்டரம்மா’ என்றால்தான் தெரியும். ஊசிக்கடியில் விரல் சிக்காமல் தடுக்கும் கம்பிக் காப்பு ஒன்றை அவர் உருவாக்கினார். இன்று அந்நிறுவனத்தின் எந்திரம் ஒவ்வொன்றிலும் அது இருக்கிறது. ஆனால் நிறுவனத்தைப் பற்றிய கட்டுரை, ‘விரல்காப்பை வடிவமைத்தவர் அப்போதைய பொது மேலாளர்’ என்கிறது.

“அதனாலதான் அவளுக்குன்னு தனியா ஒரு கட்டுரை எழுதினேன். எழுதின நாள்லேருந்து ஒரு படுபாவி வெட்டிக்கிட்டே இருக்கான். பேரு ‘வெறும்வாசகர்’. நான் திரும்ப ஒட்டினா, மறுநாள் காலைல மறுபடி வெட்டியிருப்பான். நாப்பத்தொரு தடவை! இப்ப நிர்வாகி ஒருத்தர் வந்து, ‘ஒரே புகழ்ச்சி, தொடர்பில்லாத சான்று ஒண்ணுகூட இல்லை, போதாக்குறைக்குச் சண்டை’ன்னு சொல்லி, நீக்கறதுக்கு முன்மொழிஞ்சிட்டாரு. ஏழு நாள் விவாதம். இன்னிக்கு நாலு மணிக்கு முடியுது.”

“யார் மேல சந்தேகம்?”

“சந்தேகம் என்ன சந்தேகம்? அந்த ஜி.எம்.தான்! அவன்தான் வெறும்வாசகர்னு நிரூபிச்சுக் குடுங்க. நாலு மணிக்குள்ள அங்க போட்டு மானத்தை வாங்கிடறேன்.”

அம்மையார் கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார். “நீங்க கணவர்னு அங்க எங்கயாவது சொல்லியிருக்கீங்களா?”

“யாரும் கேக்கலையே?”

காப்பீட்டு நிறுவனத்தில் அம்மையார் இருபத்திரண்டு ஆண்டுகள் கேட்ட விடை இதுதான். கணவர், மகன், ஊழியர், கூலி பெற்றவர் ஆகியோர் தமக்கு வேண்டியவரைப் பற்றித் தாமே எழுதுவதை அக்கலைக்களஞ்சியம் ‘நலமுரண்’ என்று குறிக்கிறது. அதற்காக யாரையும் அது கழுவில் ஏற்றுவதில்லை. உறவை முதலில் சொல்லிவிடு. கட்டுரையில் நேரே கைவைக்காமல், கருத்துகளுக்கென உள்ள அதன் பேச்சுப் பக்கத்தில் சான்றோடு கேள். தொடர்பில்லாத ஒருவர் பார்த்து எழுதுவார் என்று மட்டுமே சொல்கிறது. படித்தவர்களுக்கு இத்துணை எளிய செய்தி எப்போதுமே விளங்குவதில்லை.

“அவளைப் பத்தி என்னைவிட யாருக்கு மேடம் நல்லாத் தெரியும்?”

“அதைத்தான் பாக்கப் போறோம்,” என்றார் அம்மையார்.

நாற்பத்தொரு திருத்தங்களையும் அச்செடுத்து மேசைமேல் பரப்பினார்கள். ரேடியோ உரக்கப் படித்தார்.

“‘ஈடிணையற்ற’ போச்சு. ‘தொழிலாளர் குலத்தின் விடிவெள்ளி’ போச்சு. ‘விண்ணும் மண்ணும் வியக்க’ போச்சு. அக்கா, இந்த ஆள் எதிரியா தெரியலை. முடிவெட்டறவர் மாதிரி சுத்தமா வேலை பாத்திருக்காரு.”

“வெட்டாம, சேத்தது ஏதாவது இருக்கா பாரு.”

இரண்டு இருந்தன. ‘விரல்காப்பின் முதல் மாதிரியில் நூல் சிக்கியது, தொழிலாளர்கள் அதைக் கழற்றி எறிந்தனர்’ என்று வெறும்வாசகர் ஒரு வரியைச் சேர்த்திருந்தார். சான்று காட்டவில்லை. ‘அவதூறு’ என்று உண்மைவிளம்பி அதை நீக்கியிருந்தார். மற்றொன்று, ஓர் எண். ‘ஆறு இடங்களில் வளைக்கப்பட்ட கம்பி’ என்று கட்டுரையில் இருந்ததை ஐந்து முறை ‘ஏழு’ என்று மாற்றியிருந்தார். உண்மைவிளம்பி ஐந்து முறையும் மீண்டும் ஆறாக்கியிருந்தார்.

“கண்ணு இருக்கறவன் எவனும் எண்ணிப் பாக்கலாம் மேடம். ஆறுதான்! படம்கூடப் போட்டிருக்கேன்,” என்றார் கணவர்.

“நீங்க வீட்டுக்குப் போங்க சார். கம்ப்யூட்டர் பக்கம் போகாதீங்க. ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது.”

அவர் படியிறங்கிய பின் ரேடியோ கேட்டார். “என்னக்கா, ஜி.எம். வீட்டுக்குத்தானே?”

“முதல்ல தையல்கடை.”

“சட்டை தைக்கவா?”

“எண்ணிப் பாக்க.”

இரண்டு எந்திரங்களும் ஒரு தையற்காரரும் நுழைந்தபின் காற்றுக்கும் இடமில்லாத கடை அது. தையற்காரர் வாயில் ஊசியைக் கவ்வியபடியே வந்தவர்களின் கோரிக்கையைக் கேட்டார். பிறகு ஊசியை எடுத்துச் சட்டைக் கழுத்தில் குத்திக்கொண்டு பேசினார்.

“கழட்டறது பெரிசில்ல. திரும்ப மாட்டிக் குடுக்கணும். நாளைக்குக் குடுக்க வேண்டிய சட்டை பதினொண்ணு கிடக்கு.”

“நான் மாட்டித் தர்றேண்ணே.”

“நீங்களா? அப்ப நானே கழட்டறேன்.”

ஊசிக்கு முன்னால், ஒரு விரல் அகலத்திற்கு, அந்தக் கம்பிக் காப்பு வளைந்து நின்றது. ரேடியோ குனிந்து எண்ணினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறு. சார் சொன்னது சரிதான்க்கா. இரங்கல்காரர் முதல் தடவையா ஒரு உண்மை எழுதியிருக்காரு. அதையும் நம்ப மாட்டேங்கறீங்க.”

“கழட்டுங்கண்ணே.”

தையற்காரர் திருகைக் கழற்றினார். வட்டத் தகட்டை எடுத்தார். அதற்கடியில், கம்பியின் வால் நேராக முடியவில்லை. சிறு கொக்கியாக மடங்கி, எந்திரத்தின் உடலிலிருந்த ஒரு துளைக்குள் இறங்கியிருந்தது.

ரேடியோ மறுபடி குனிந்து, இம்முறை வாய்விடாமல் எண்ணினார். ரேடியோவைப் பொறுத்தவரை இது ஓர் ஆண்டுச் சாதனை.

“ஏழு,” என்றார் அம்மையார்.

தையற்காரர் கொக்கியை விரலால் தொட்டுப் பார்த்தார். “பதினாறு வருஷமா இந்த மிஷின்ல தைக்கறேன். இது இருக்கறதே தெரியாது. ஓ... இதனாலதான் திருகு தளந்தாலும் கம்பி சுத்தறதில்ல போல. முன்னாடி வேற மிஷின் வெச்சிருந்தேன். அதுல காப்பு ரெண்டு நாளைக்கு ஒருக்கா நகந்து ஊசி மேல போய் உக்காரும். எரிச்சல்ல கழட்டிப் போட்டேன். அடுத்த வாரமே,” என்று இடக்கைச் சுட்டுவிரலைக் காட்டினார். நகத்தின் நடுவே ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. “உள்ள போயி வெளிய வந்துச்சு. நூலோட.”

ரேடியோ தம் விரல்களையெல்லாம் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.

தெருவில் இறங்கியதும் அம்மையார் சொன்னார். “எந்தப் படத்திலயும் ஏழு தெரியாது. எந்தப் புத்தகத்திலயும் இருக்காது. திருகைக் கழட்டினவங்களுக்குத்தான் தெரியும். கெடுக்க வர்றவன் கத்தரிக்கோலோட வருவான். ஸ்க்ரூ டிரைவரோட வரமாட்டான்.”

“ஜி.எம். கழட்டியிருப்பாரா?”

“அவர்தானே செஞ்சேன்னு சொல்றாரு? கேப்போம்.”

முன்னாள் பொது மேலாளரின் குடியிருப்பு மூன்றாம் மாடியில் இருந்தது. வரவேற்பறையின் நான்கு சுவர்களிலும் அவரே இருந்தார்: மாலையோடு, கேடயத்தோடு, நாடா வெட்டும் கத்தரியோடு. ஐந்தாவதாக நாற்காலியிலும் இருந்தார்.

“விரல்காப்பு பத்தியா? தாராளமா கேளுங்க. என் வாழ்க்கையோட முக்கியமான கண்டுபிடிப்பு அது. எல்லாம் எங்க வெள்ளிவிழா மலர்ல இருக்கு.”

“மலர் யார் சார் எழுதினாங்க?”

“விளம்பரப் பிரிவு. முன்னுரை நான். கலைக்களஞ்சியத்துல கட்டுரை போட்டதும் அதே பிள்ளைங்கதான். மலரையே சான்றா காட்டியிருக்காங்க. பக்காவா பண்ணுவாங்க.”

அதாவது, மேலாளர் தம்மைப் புகழ்ந்து ஒரு மலர் வெளியிட்டார். மேலாளரைப் புகழ்வதற்கு அவருடைய ஊழியர்கள் அம்மலரைச் சான்றாக்கினர். தன் நிழலைத் தானே சாட்சிக் கூண்டில் ஏற்றி, அது தலையசைத்ததையும் பதிவு செய்துகொண்ட அருஞ்செயல் இது. இரங்கல்காரர் செய்தது அன்பால் நேர்ந்த நலமுரண் என்றால், இது சம்பளப் பட்டியலோடு நேர்ந்த நலமுரண்.

அம்மையார் ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டினார். “எப்படி இருக்கும்னு சும்மா வரைஞ்சு காட்டுங்க சார்.”

மேலாளர் மகிழ்ச்சியோடு வரைந்தார். வளைவுகள் ஆறு. நன்றாகவே வரைந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாள்தோறும் கையெழுத்திட்டுப் பழகிய கை.

“இங்க திருகு வரும். திருகுக்குக் கீழ?”

“கீழ என்ன? நேரா விட்டுட வேண்டியதுதான்.”

“நேரா விட்டா ரெண்டு நாள்ல மின்விசிறி மாதிரி சுத்தும் சார்,” என்றார் ரேடியோ.

“அதெல்லாம் கீழ இருக்கறவங்க பாத்துப்பாங்க.”

இதைவிட நேர்மையான வாக்குமூலத்தை அந்த அறையின் சுவர்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

“ஃபிட்டரம்மாவைத் தெரியுமா சார்?” என்று அம்மையார் மெல்லக் கேட்டார்.

“மூணாவது ஷெட்டா? இருந்தாங்க ஒரு அம்மா. ஏதோ கம்பியை வளைச்சிக்கிட்டே இருப்பாங்க. இத பாருங்கம்மா, மூவாயிரம் பேர் வேலை பாத்த எடம். யார் என்ன செஞ்சாலும் என் கையெழுத்துலதானே வெளிய போகுது? அப்ப செஞ்சது யாரு?”

“அவங்களைப் பத்தின கட்டுரையை யாரோ வெட்டிக்கிட்டே இருக்காங்களாம்.”

“கட்டுரையா? அவங்களுக்கா?” மேலாளர் உண்மையாகவே திகைத்தார். பின்பு முகம் மலர்ந்தது. “நீக்கப் போறாங்களா? நல்லது. குழப்பம் இருக்கக் கூடாது பாருங்க.”

படியிறங்கும்போது ரேடியோ வரைபடத்தை ஆட்டிக்கொண்டே வந்தார். “ஒரே தாள்ல ரெண்டு வேலை முடிஞ்சுதுக்கா. ஆறுதான்னு நெனைக்கறதால இவர் வெறும்வாசகர் இல்ல. ஆறுதான்னு நெனைக்கறதால இவர் கண்டுபிடிச்சவரும் இல்ல. பாவம், ரெண்டு பட்டமும் போச்சு. ஆனா நம்ம கட்சிக்காரருக்கு இவர்தான் வேணும். வெறுங்கையோட போனா, நம்ம பேர்ல ஒரு இரங்கல் விளம்பரம் போட்டுடுவாரு.”

பேருந்தில் இடம் கிடைத்தது. அம்மையார் திருத்தங்களின் நேரங்களை மீண்டும் பார்த்தார். எல்லாம் காலை ஏழு மணி ஐந்து நிமிடத்திற்கும் ஏழு நாற்பதிற்கும் இடைப்பட்டவை. கடந்த ஒரு திங்களில் ஐந்து நாள்கள் மட்டும் எதுவும் இல்லை.

“குடுங்க அதை,” என்று வாங்கிய ரேடியோ, அந்த ஐந்து தேதிகளையும் தம் கைப்பேசியில் தேடினார். “அக்கா, இந்த அஞ்சு நாளும் காலைல நான் ஆபீசுக்கு லேட். அஞ்சு நாளும் உங்களுக்கு ஒரே மெசேஜ் அனுப்பியிருக்கேன்: ‘மழை, நனைஞ்சிட்டேன்.’”

“அதுல ரெண்டு பொய்.”

“ஒண்ணுதான், நனைஞ்சது. மழை நெசம். அதை விடுங்க. மழை பெஞ்சா லீவு எடுக்கற எதிரி யாருக்கா? கம்ப்யூட்டர் என்ன வயல்லயா இருக்கு?”

அம்மையார் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். “மழை பெஞ்சா வெளிய போகாதவங்க யாரு?”

ரேடியோ வாயைத் திறந்தார். அந்நாளில் இரண்டாம் முறையாக ஓசையின்றி மூடினார்.

மணி இரண்டரை. இரங்கல்காரரின் வீட்டில் உணவு மேசைமேல் ஒரு பழைய பூட்டு பிரித்துப் போடப்பட்டிருந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, சாவியின் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். கணவர் கதவருகிலேயே பாய்ந்து வந்தார்.

“பிடிச்சீங்களா? அவன்தானே?”

“நீங்க காலைல நடக்கப் போவீங்களா சார்?”

“தினம் ஏழு மணிக்கு. மழை பெஞ்சா மட்டும் போகமாட்டேன். அதுக்கென்ன இப்ப?”

அம்மையார் அவருக்கு விடை சொல்லாமல் மேசையருகே சென்றார். “வணக்கம்மா. ஒரே ஒரு கேள்வி. விரல்காப்புல வளைவு ஆறா, ஏழா?”

“ஏழு,” என்றார் ஃபிட்டரம்மா, தலையைத் தூக்காமலே.

“ஆறுடி!” என்றார் கணவர். “நான் படமே...”

“முப்பது வருஷமா வீட்ல ஒரு மிஷின் இருக்கு. ஒரு நாளாவது கழட்டிப் பாத்திருக்கீங்களா? எதையும் தூரத்துலேருந்து பாத்துட்டுக் கவிதை எழுதிட வேண்டியது.”

“வெறும்வாசகர் நீங்கதானேம்மா?” என்றார் துப்பறிவாளர்.

அரம் நின்றது.

இரங்கல்காரர் நாற்காலியைத் தேடினார். அது இருந்த இடத்தில்தான் இருந்தது, இருந்தும் கண்டுபிடிக்கச் சற்று நேரமாயிற்று. “நீயா? நாப்பத்தொரு தடவையும்?”

“நாப்பத்திரண்டு. ஒண்ணு நீங்க கவனிக்கல.”

“எதுக்கு? எதுக்குடி? உனக்காகத்தானே எழுதினேன்!”

“எனக்காகவா? காலைல எந்திரிச்சு அதைத் தெறந்து பாத்தேன். ‘அணையாத அருள்விளக்கு’. எனக்கு நானே ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தினேன். கூட வேலை பாத்தவங்க படிச்சா சிரிக்க மாட்டாங்களா? ‘ஒரே நாளில் கண்டுபிடித்தார்’னு வேற. பதினாலு மாசம்! முதல்ல செஞ்சது நூலைப் பிடிச்சு இழுத்துச்சு. பொண்ணுங்க கழட்டி என் மூஞ்சிலயே எறிஞ்சாங்க. அவங்க எறிஞ்சதாலதான் ரெண்டாவதை ஒழுங்கா செஞ்சேன். அதை எழுதினா அவதூறாம். என்னைப் பத்தி நானே அவதூறு பண்றேனாம்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நாலு தடவை சொன்னேன். ‘உனக்கு அடக்கம் ஜாஸ்தி’ன்னீங்க. அதையும் கட்டுரைல சேத்துட்டீங்க.”

ரேடியோ சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தோள்களைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, சார் உறவைச் சொல்லாம புகழ்ந்தாரு. நீங்க யாருன்னு சொல்லாம வெட்டினீங்க. சரியாவே வெட்டியிருந்தாலும், அதுவும் நலமுரண்தான். பாக்கறவங்களுக்கு ரெண்டு முகமூடி சண்டை போடற மாதிரிதான் தெரியும். அதனாலதான் இப்ப நீக்கப் போறாங்க. நீக்கிட்டா, விரல்காப்பு ஜி.எம். செஞ்சதுன்னு மட்டும்தான் உலகத்துல இருக்கும். ஒரு மணி நேரம் இருக்கு. கம்பெனிக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லாத யாராவது இதைப் பத்தி எங்கயாவது எழுதியிருக்காங்களா?”

“தையல் தொழிலாளர் மாத இதழ்ல வந்துச்சே. நிருபர் ஷெட்டுக்கே வந்து நாலு பேர்கிட்ட விசாரிச்சு எழுதினாரு. பன்னெண்டாம் பக்கம். அது எங்கயோ தொலைஞ்சு போச்சு.”

இரங்கல்காரரின் கண்கள் புத்தக அலமாரியின் மேல்தட்டிற்குச் சென்று, திரும்பி வந்தன. இருபத்திரண்டாண்டு அனுபவம் அதை விட்டுவிடுமா?

“எடுங்க சார்,” என்றார் அம்மையார்.

“அது... அதுல ஒரு வரி சரியில்ல மேடம்.”

“எடுங்க.”

நெகிழி உறைக்குள், மடிப்புக்கூட விழாமல், இதழ் பத்திரமாக இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் ஃபிட்டரம்மாவின் பெயர் இருந்தது; அவர் அதை எப்படிச் செய்தார் என்பதும் இருந்தது. நடுவில் ஒரு வரியின்கீழ் சிவப்பு மையால் கோடிடப்பட்டிருந்தது: ‘முதல் மாதிரி படுதோல்வி; தொழிலாளர்கள் அதைக் கழற்றி எறிந்தனர்.’

“தோல்வின்னு போட்டிருக்கான் மேடம்! என் பொண்டாட்டியை! இதைப் போய் எப்படிச் சான்றா காட்டறது?”

புகழ மட்டுமே தெரிந்தவர் செய்யும் பிழை இது. மனைவியை நிலைநிறுத்தக்கூடிய ஒரே சாட்சியை, அவன் ஒரு குறை சொன்னான் என்பதற்காக, நான்கு திங்கள் அலமாரிக்குள் சிறைவைத்துவிட்டார். நாற்பது அடைமொழிகளை மட்டும் அவிழ்த்துவிட்டார். மனைவியோ அந்தக் குறையை எழுதினார். இதழ் கையில் இல்லாமல் அதைச் சுட்டுவது முறையன்று என்று சான்றை விட்டுவிட்டார். உண்மை ஒருவரிடமும் சான்று ஒருவரிடமுமாக, ஒரே கூரையின்கீழ், ஒரே கணினியில், முறைவைத்துப் போராடியிருக்கிறார்கள்.

ஃபிட்டரம்மா இதழைக் கையில் வாங்கினார், சிவப்புக் கோட்டைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். “இதைத் தேடி ரெண்டு தடவை பரண்ல ஏறினேன்,” என்று மட்டும் சொன்னார்.

மூன்று மணி ஐந்து நிமிடம். இரங்கல்காரர் கணினிமுன் அமர்ந்து, பேச்சுப் பக்கத்தில் தட்டினார்: ‘அன்னாரின் ஆருயிர்க் கணவனாகிய அடியேன்...’

“அழிங்க,” என்றார் அம்மையார்.

இறுதியில் தேறியது இது: ‘நான் இவருடைய கணவர். இக்கட்டுரையை எழுதியவன் நான். இதை முன்பே சொல்லாதது என் தவறு. இனி இதில் நேரடியாகத் திருத்தம் செய்யமாட்டேன்.’ அடுத்து ஃபிட்டரம்மா ஒற்றை விரலால் தட்டினார்: ‘கட்டுரையில் சொல்லப்படுபவர் நானே. வெட்டியவரும் நானே. சான்று கீழே. சரிபார்த்துத் தொடர்பில்லாதவர் எழுதவும்.’ இதழின் பெயர், ஆண்டு, பக்கம், படம் எல்லாம் ஏற்றப்பட்டன. மூன்று இருபத்தைந்து.

பத்து நிமிடம் எதுவும் நிகழவில்லை. இரங்கல்காரர் எழுந்து நடந்தார். ஃபிட்டரம்மா பூட்டைச் சேர்த்து முடித்தார். பிறகு, எங்கோ இருக்கும் ஒரு நூலகர், முன்பின் அறியாதவர், விவாதத்தில் எழுதினார்: தம் நூலகத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளரின் ஆண்டறிக்கை இருப்பதாகவும், அதிலும் இப்பெண்மணியின் பெயரும் விரல்காப்பும் உள்ளன என்றும். அவரே கட்டுரையைப் புதிதாக எழுதினார். நான்கு வரிகள். அடைமொழி ஒன்றுமில்லை. தோல்வியும் இருந்தது. நான்கு மணி இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு வந்தது: ‘நீக்க வேண்டியதில்லை.’

“நாலே நாலு வரியா!” என்று இரங்கல்காரர் அலறினார். “முப்பத்தோரு வருஷத்துக்கு!”

“சும்மா இருங்க,” என்றார் ஃபிட்டரம்மா. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அந்த நான்கு வரிகளையும் இரண்டு முறை படித்தார். மூக்கை ஒருமுறை உறிஞ்சிக்கொண்டார். “இதை யாருக்கு வேணாலும் காட்டலாம்.”

ரேடியோ அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிறுவனத்தின் கட்டுரையைத் திறந்துவிட்டார். ‘விரல்காப்பை வடிவமைத்தவர் அப்போதைய பொது மேலாளர்’ என்ற வரி அங்கே இன்னும் வீற்றிருந்தது. “ஒரு நிமிஷம்க்கா. இவரை இங்கேருந்து எழுப்பிவிட்டுட்டு வந்துடறேன்.”

“கையை எடு.”

“ஏன்க்கா? சான்று இருக்கே! ரெண்டு சான்று!”

“சார்கிட்ட நாம கட்டணம் வாங்கியிருக்கோம். நமக்கும் நலமுரண்தான். கேட்டு வெக்கலாம். கைவெக்கக் கூடாது.”

கேட்டு வைத்தார்கள். கூலி பெற்றவர்கள் என்பதைச் சொல்லி, இரண்டு சான்றுகளையும் சுட்டி, அப்பேச்சுப் பக்கத்தில் கோரிக்கை எழுதினார்கள். பன்னிரண்டு நாள்களாயின; வரி அப்படியே இருக்கிறது. அவ்வரியை நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு தொடாது. அவர்களுக்குச் சம்பளம் வருகிறது. கணவர் தொடக் கூடாது, மனைவி தொடமாட்டார். துப்பறிவாளர் கைகளைக் கட்டிக்கொண்டுவிட்டார். இவ்வளவு பக்கம் எழுதி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்ட நானும் தகுதியிழந்தேன்.

ஆனால், வாசகரே, நீங்கள் அந்த அம்மாளுக்கு உறவினர் அல்லர். மேலாளரிடம் சம்பளம் பெற்றவரும் அல்லர். இந்தக் கதையில் எவரிடமும் எதையும் பெறாத ஒரே ஆள் நீங்கள்தாம். நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டியது போதும். எழுந்து போய்க் கணினியைத் திறவுங்கள். இரண்டு சான்றுகளையும் முதலிலிருந்து கடைசிவரை, பிடிக்காத வரியையும் விடாமல், படியுங்கள். என் பேச்சை நம்பாதீர்கள். பிறகு அந்த ஒரு வரியை உங்கள் கையாலேயே திருத்துங்கள்.